கல்லுளிமங்கன் திரைக்கு வரும்போது: காமிக்ஸின் வாய்திறவா எதிர்நாயகர்களைத் தொலைக்காட்சி எப்படித் தாங்குகிறது?

சட்டகம் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். காமிக்ஸில் நாம் கொண்டாடும் எதிர்நாயகர்களில் பாதிப் பேர் கல்லுளிமங்கர்கள். சிரிக்க மாட்டார்கள், அழ மாட்டார்கள், கேட்ட கேள்விக்கு ஒரு வரிக்கு மேல் பதில் சொல்ல மாட்டார்கள். காகிதத்தில் அவர்களை விட்டுக் கண்ணை எடுக்க முடிவதில்லை. அவர்களையே தொடராக எடுத்தால் மூன்றாம் பகுதிக்குள் பலருக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. இது ஏன் நிகழ்கிறது, இதிலிருந்து தப்பிய தொடர்கள் எப்படித் தப்பின என்று பேசலாமா?

காரணத்தின் ஒரு பகுதி ஊடகத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். காகிதத்தில் மௌனத்துக்குக் கால அளவு கிடையாது. குடும்பத்தைப் பறிகொடுத்து, குற்றவாளிகளைத் தேடிக் கொல்லும் முன்னாள் படைவீரர் ஃபிராங்க் காசில்தான் பனிஷர். ஸ்டீவ் டில்லன் வரைந்த அவருடைய பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரே முகம், ஒரே கோணம், அடுத்தடுத்து இரண்டு மூன்று கட்டங்கள், புருவம் மட்டும் நூலளவு இறங்கியிருக்கும். அங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதை வாசகர்தான் முடிவு செய்கிறார். ஆகவே அந்த முகத்துக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்பதையும் அவரே நிரப்பிக்கொள்கிறார். போதாததற்குக் கட்டத்தின் மூலையில் ஃபிராங்க் காசிலின் போர்க்குறிப்பேட்டு வரிகள் வேறு. வெளியே வாய் திறக்காத மனிதன் உள்ளே ஓயாமல் பேசிக்கொண்டிருப்பான். தொலைக்காட்சிக்கு வரும்போது இந்த இரண்டும் கழன்றுவிடுகின்றன. ஐந்து நொடி மௌனம் என்றால் எல்லோருக்கும் ஐந்து நொடிதான். அதையும் படத்தொகுப்பாளர் அளந்து கொடுக்கிறார்.

பனிஷர் 1974இல் ஸ்பைடர்மேன் இதழ் ஒன்றில் எதிரியாக அறிமுகமானவர். டால்ஃப் லண்ட்கிரென் (1989), தாமஸ் ஜேன் (2004), ரே ஸ்டீவன்சன் (2008) என்று மூன்று பேர் திரைப்படங்களில் அவரை ஏற்று நடித்தார்கள். ஒருவருக்கும் இரண்டாம் படம் அமையவில்லை. 2016இல், டேர்டெவில் என்ற முகமூடி நாயகனின் தொடரில், இரண்டாம் பருவத்தில் ஜான் பெர்ந்தால் பனிஷராக வந்தார். அடுத்த ஆண்டு நவம்பரிலேயே 13 பகுதிகளுடன் தனித்தொடர் வெளிவந்துவிட்டது. குறிப்பேட்டைப் பின்னணிக் குரலாக மாற்றும் சுலபமான வழியை அந்தத் தொடர் நம்பியிருக்கவில்லை. அதற்குப் பதிலாக என்ன செய்தார்கள் என்பதற்கு ஒரே ஒரு ஏற்பாட்டை மட்டும் சொல்கிறேன்.

இறந்துவிட்டதாக உலகம் நம்பும் டேவிட் லீபர்மன், நிலவறை ஒன்றில் ஒளிந்துகொண்டு, தன் வீட்டில் தானே பொருத்திய ரகசியக் கேமராக்கள் வழியாக மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஃபிராங்க் வேண்டுமென்றே அந்த மனைவியின் காரில் அடிபட்டு, அதைச் சாக்காக வைத்து அந்த வீட்டுக்குள் நுழைகிறார். பிறகு சிறு சிறு பழுதுகளைச் சரிசெய்து கொடுக்கிறார், சமையலறையில் உட்கார்ந்து பேசுகிறார், மகனுக்குத் தைரியம் சொல்கிறார். ஃபிராங்கின் முகத்தில் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால், குடும்பத்தைப் பறிகொடுத்த ஒருவன் இன்னொருவனின் குடும்பத்தில் உட்கார்ந்திருப்பதை, அந்த இன்னொருவன் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறான். மனைவி ஃபிராங்கை முத்தமிடும்போது நாம் பார்ப்பது நிலவறையில் இருக்கும் கணவனின் முகத்தைத்தான். பேசாதவனின் துயரத்தைச் சொல்ல, பார்த்துக்கொண்டிருப்பவன் ஒருவனை உண்டாக்கியிருக்கிறார்கள். மௌனத்தைத் தாங்க எதிரே ஓர் ஆள் வேண்டும். இவ்வளவுதான் என் வாதம். மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

தாள்மணம் எழுதியது:

சட்டகம், அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் ஒன்றை மறைத்துவிட்டீர்கள். பெர்ந்தாலின் பனிஷரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அவர் பேசியதற்காக. டேர்டெவில் இரண்டாம் பருவத்தின் நான்காம் பகுதியில், கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லின் மேல் சாய்ந்தபடி, உடம்பெல்லாம் இரத்தத்தோடு, நிமிடக்கணக்கில் பேசுகிறார். அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் தனித்தொடரே வந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். இதில் உங்கள் ‘வாய்திறவா’ நாயகன் எங்கே?

என் பார்வையில் ரகசியம் பங்கீட்டில் இருக்கிறது. முதல் பகுதியில் அவரைப் பற்றி மற்றவர்கள்தான் பேசுகிறார்கள். ஐரிஷ் கும்பலைக் கொன்று குவித்தது ஒரு படை என்று நினைக்கிறார்கள், வந்தது ஒற்றை ஆள் என்பதே யாருக்கும் தெரிவதில்லை. இரண்டாம் பகுதியில் ஓர் அடகுக் கடைக் காட்சி. வானொலிக் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு புறப்படுகிறவரிடம், சிறுமியர் சம்பந்தப்பட்ட இழிவான படங்கள் இருப்பதாகக் கடைக்காரர் ஆசை காட்டுகிறார். ஃபிராங்க் பதில் சொல்வதில்லை. வாசலில் தொங்கும் பலகையை ‘மூடப்பட்டது’ என்று திருப்பி வைக்கிறார், பேஸ்பால் மட்டையை எடுக்கிறார். மூன்றாம் பகுதியில் டேர்டெவிலை மொட்டைமாடியில் சங்கிலியால் கட்டிவைத்து நடத்தும் வாக்குவாதம். அதில் கொள்கையைப் பேசுகிறாரே தவிரத் தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. இத்தனைக்கும் பிறகு, நான்காம் பகுதியில்தான் வாய் திறக்கிறது.

திறக்கும்போதும் எதைப் பற்றி? தன் குடும்பத்தைப் பலிகொண்ட, பூங்காவில் நடந்த துப்பாக்கிச் சூட்டைத் தொட்டுச் செல்கிறார், ஆனால் பேச்சு சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம் அதுவன்று. போரிலிருந்து வீடு திரும்பிய இரவில், மகள் தனக்குப் பிடித்த கதைப் புத்தகத்தைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள். களைப்பாக இருக்கிறது, நாளைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த ‘நாளை’ வரவே இல்லை. இதைக் கேட்கும் எந்தத் தகப்பனுக்கும் நெஞ்சு அடைக்கும். ஊமையாகவே இருந்தால் பொம்மை, எப்போதும் பேசினால் வழக்கமான நாயகன். மூன்று பகுதிகள் பட்டினி போட்டு நான்காவதில் ஒரு கவளம் கொடுத்தார்கள். எதிரே ஆள் இருந்ததைவிட, அந்தப் பட்டினிதான் வேலை செய்தது.

இரவுப்பணி எழுதியது:

இருவரும் திரைக்கதையையே பேசுகிறீர்கள். நடிகரின் உடம்பை மறந்துவிட்டீர்கள். பலமுறை உடைந்த மூக்கு, பேசுவதற்கு முன்பு தொண்டையில் உருளும் உறுமல், ஒரு சொல்லைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் விழுங்கிவிடும் பழக்கம், எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் பக்கவாட்டில் அலையும் கண். இவை எழுதி வருவதில்லை. நல்ல நடிகர் கிடைத்தால் கல்லும் பேசும். கிடைக்காவிட்டால் தோழன், குடும்பம், கேமரா என்று எத்தனை ஏற்பாடு செய்தாலும் பயனில்லை.

சட்டகம் எழுதியது:

இரவுப்பணி, உடம்பு முக்கியம் என்பதை ஏற்கிறேன். ஆனால் உடம்புக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும் அல்லவா? தனித்தொடரின் முதல் பகுதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மிச்சமிருந்த எதிரிகளை முடித்துவிட்டு, தன் அடையாளமான மண்டையோட்டுக் கவசத்தை எரித்துவிட்டு, வேறொரு பெயரில் கட்டட வேலைக்குப் போகிறார் ஃபிராங்க். நாள் முழுவதும் பெரிய சம்மட்டியால் சுவரை இடிப்பதுதான் வேலை. மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் இடிக்கிறார். உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்த பிறகும் இடிக்கிறார். கூடுதல் நேர வேலைக்கு வழியில்லாமல் செய்கிறாரே என்று உடன் வேலை செய்கிறவர்கள் எரிச்சல்படுகிறார்கள். அந்தப் பகுதியின் பெரும்பாலான நேரம் அவர் வாய் திறப்பதில்லை. பக்கத்தில் டானி என்ற புதிய பையன் உட்கார்ந்து பாட்டியைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, தன் சாண்ட்விச்சில் பாதியை நீட்டுகிறான். அந்தப் பையனை உடன் வேலை செய்கிறவர்களே சிமெண்டுக் கலவைக்குள் புதைக்கப் பார்க்கும்போது, அதே சம்மட்டிதான் ஆயுதமாகத் திரும்பி வருகிறது. ஒரு கருவி, ஒரு வேலை, பக்கத்தில் ஒரு வாயாடி. இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் பெர்ந்தாலின் மூக்குக்கு வேலை வந்தது.

தாள்மணம், பட்டினி உவமையை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கல்லறைக் காட்சியில் எதிரே டேர்டெவிலான மேத்யூ மர்டாக் இருந்தார் என்பதை நீங்களும் மறைத்துவிட்டீர்கள். ஒருவேளை நாம் இருவரும் ஒரே யானையைத்தான் தடவிக்கொண்டிருக்கிறோமோ என்னவோ.

பின்வரிசை எழுதியது:

பனிஷரையே சுற்றிக்கொண்டிருந்தால் விஷயம் குறுகிவிடும். தோற்று, பிறகு திருத்திக்கொண்ட ஒரு முயற்சியைப் பார்ப்பது கூடுதலாகக் கற்றுத்தரும். நடைபிணங்கள் நிறைந்த உலகில் உயிர்பிழைக்கப் போராடும் கூட்டத்தின் கதையான தி வாக்கிங் டெட் தொடரின் மிஷோனைச் சொல்கிறேன்.

காமிக்ஸில் அவள் 19ஆம் இதழில், 2005இல் வருகிறாள்: தாடையும் கைகளும் வெட்டப்பட்ட இரண்டு நடைபிணங்களைச் சங்கிலியில் கட்டி இழுத்துக்கொண்டு, கையில் கத்தானா வாளோடு. தொலைக்காட்சியில் மூன்றாம் பருவத்தில் (2012) டனாய் குரீரா அவளாக வந்தபோது, தோற்றத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கூடவே ஒரு நிரந்தர முறைப்பையும் ஒட்டினார்கள். உட்பரி ஊரை ஆளும், கவர்னர் என்று அழைக்கப்படும் ஆள் மேல் அவளுக்குச் சந்தேகம் வருகிறது. உயிர்த்தோழியான ஆண்ட்ரியாவிடம் ஏன் சந்தேகப்படுகிறேன் என்பதை ஒழுங்காக எடுத்துச் சொன்னால் பருவத்தின் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். சொல்ல மாட்டாள். முறைப்பாள், வாளைத் தொடுவாள், கிளம்பிப் போய்விடுவாள். பார்க்கிற எனக்கு அவள் மேல் வந்தது மதிப்பன்று, எரிச்சல். பாத்திரத்தின் இயல்பிலிருந்து பிறந்த மௌனத்துக்கும், கதையை இழுக்க எழுத்தாளருக்குத் தேவைப்படும் மௌனத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்வையாளர்கள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். பின்னது வந்துவிட்டால் பிறகு எவ்வளவு நன்றாக நடித்தாலும் ‘சொல்லித் தொலையேன்’ என்றுதான் தோன்றும்.

அதே பருவத்தின் 12ஆம் பகுதியில் இதைத் திருப்பினார்கள். கூட்டத்தின் தலைவன் ரிக், அவன் மகன் கார்ல், மிஷோன் மூவரும் ஆயுதம் தேடி ரிக்கின் பழைய ஊருக்குப் போகிறார்கள். கைக்குழந்தையாக இருக்கும் தங்கைக்கு அம்மாவின் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக, ஓர் உணவு விடுதிச் சுவரில் மாட்டியிருக்கும் குடும்பப் படத்தை எடுத்துவரத் துடிக்கிறான் கார்ல். உள்ளே நடைபிணங்கள். முயற்சி கைகூடாமல் போக, அவனை வெளியே நிறுத்திவிட்டு மிஷோன் தனியாக உள்ளே போய்ப் படத்தோடு திரும்புகிறாள். இன்னொரு கையில் வண்ண வண்ணமாக ஒரு பூனைப் பொம்மை. இவ்வளவு அழகாக இருக்கிறதே, விட்டுவிட்டு வர மனம் வரவில்லை என்கிறாள். அந்தப் பொம்மையால் கதைக்கு எந்தப் பயனும் இல்லை, கதாபாத்திரத்துக்கோ அதைவிடப் பயனுள்ள பொருள் வேறில்லை. பகுதியின் முடிவில், இறந்துபோன மனைவியின் உருவம் கண்ணில் தெரிவதை மறைத்துக்கொண்டு நிற்கும் ரிக்கிடம், நானும் செத்துப்போன என் காதலனோடு பேசிக்கொண்டிருந்தவள்தான் என்று வெகு சாதாரணமாகச் சொல்கிறாள். தன் துயரத்தைக் கொட்டுவதற்காக அவள் வாயைத் திறக்கவில்லை, அவன் கூச்சத்தைப் போக்கத் திறந்தாள். கல்லுளிமங்கன் தனக்காகப் பேசினால் அது ஒப்பாரி, அடுத்தவருக்காகப் பேசினால் நட்பு.

அதற்கு அடுத்த ஆண்டு, 2014 பிப்ரவரியில், நான்காம் பருவத்தின் ஒன்பதாம் பகுதியில்தான் அவளுடைய முழு இழப்பும் ஒரு கனவாக வந்தது: சமையலறை, காதலன், நண்பன், கைக்குழந்தை, கலகலப்பாகப் பேசும் வேறொரு மிஷோன். அதற்கு முன் ஒரு பூனைப் பொம்மை வந்திருக்காவிட்டால், அந்தக் கனவும் வழக்கமான முன்கதைக் காட்சியாகவே கடந்து போயிருக்கும்.

தாள்மணம் எழுதியது:

பூனைப் பொம்மை வாதம் அருமை. ஆனால் மிஷோனை எதிர்நாயகி என்று சொல்லலாமா? பிற்பாடு அவள் அந்தக் கூட்டத்தின் மனசாட்சியாகவே ஆகிவிடுகிறாள்.

பின்வரிசை எழுதியது:

சொல்ல வேண்டாம். தொடக்கத்தில் யாரையும் நம்பாத, யாருக்கும் கடமைப்படாத ஒருத்தி என்பதே எனக்குப் போதும். பெயர்ப்பலகையில் தொங்க வேண்டாமே.

மொட்டைமாடி எழுதியது:

தோழன், தோழி, வாயாடி என்று எல்லோரும் பரிந்துரைக்கிறீர்கள். அந்த மருந்து அளவு மீறினால் என்னவாகும் என்பதற்கு, வில்லேந்திய காமிக்ஸ் நாயகன் ஒருவனின் கதையான அரோ தொடரைப் பாருங்கள். 2012இல் தொடங்கியபோது ஆலிவர் குவீன் ஒரு கொலைகாரர். பட்டியல் வைத்துக்கொண்டு ஆட்களைத் தேடிப் போகிறவர். உள்மனத்தைச் சொல்ல முதலில் பின்னணிக் குரலை வைத்தார்கள், கூடவே தீவில் கழித்த ஐந்து ஆண்டுகளை முன்கதையாக ஓடவிட்டார்கள். பின்னணிக் குரலோ, நாம் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதையே மறுபடி காதில் ஓதியது. உண்மையில் உயிர் கொடுத்தது திட்டமிடாத ஒன்று. மூன்றாம் பகுதியில் ஃபெலிசிட்டி என்ற கணினிப் பிரிவு ஊழியரிடம், குண்டு துளைத்த மடிக்கணினியைக் கொடுத்து, காபி கொட்டிவிட்டது என்கிறார் ஆலிவர். இவை குண்டு துளைத்த ஓட்டைகள் போல இருக்கின்றனவே என்கிறாள் அவள். அவ்வளவுதான். வில்லெடுத்தால் குறி தப்பாத ஒருவனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை என்பதைக் கண்டுபிடித்த நொடியில் அந்த இறுகிய முகம் நமக்குப் பிடித்துப்போனது. ஒரு பகுதிக்கென்று வந்த எமிலி பெட் ரிக்கார்ட்ஸ் இரண்டாம் பருவத்தில் நிரந்தர நடிகரானார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு வருத்தம். ஒருவர் வந்த இடத்தில் ஒரு கூட்டமே வந்தது. ஒவ்வொருவரும் நடைவழியில் ஆலிவரை நிறுத்தி, நீ ஏன் உன் மனத்தில் இருப்பதைச் சொல்ல மாட்டேன் என்கிறாய் என்று கேட்க, அவர் சொல்ல, இவர் கோபிக்க, நம் மெகா தொடர்களில் கூடத்து நாற்காலியில் நடக்கும் பஞ்சாயத்துக்கும் ஆலிவரின் ரகசிய நிலவறையில் நடப்பதற்கும் வேறுபாடு தெரியாமல் போனது. கல்லுளிமங்கனைச் சுற்றி ஒருவர் இருந்தால் அவன் மௌனம் கேட்கும். பத்துப் பேர் இருந்தால் அவர்கள் சத்தம்தான் கேட்கும்.

பழைய புத்தகக்கடை எழுதியது:

ஒருவர் போதும் என்பதற்குத் தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்குச் சான்று வெளியில் தேட வேண்டியதில்லை. லயன் காமிக்ஸ் வழியாக நாம் வளர்த்தெடுத்த டெக்ஸ் வில்லர் எதிர்நாயகர் இல்லைதான். ஆனால் பேச்சைக் குறைத்துக் கைமுட்டியை நம்பும் மனிதர். அவர் பக்கத்தில் வெள்ளித் தாடியோடு முணுமுணுத்துக்கொண்டு, அடுத்த ஊரில் நல்ல வறுவல் கிடைக்குமா என்று கவலைப்படும் கார்சன் இல்லையென்றால், அத்தனை நூறு பக்கங்கள் பாலைவனத்தில் நாம் குதிரையோட்டியிருப்போமா? பொனெல்லியும் கலெப்பினியும் 1948இல் டெக்ஸைத் தொடங்கிய இத்தாலியில், இந்தச் சூத்திரம் தொலைக்காட்சிக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

கோடுகள் எழுதியது:

நீங்கள் அனைவரும் ஓர் அனுமானத்தைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டீர்கள்: கல்லுளிமங்கனின் உள்ளம் எப்படியாவது நமக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்பது. ஜப்பானியர்கள் அப்படி நினைக்கவில்லை.

தகாவோ சைட்டோ 1968இல் தொடங்கிய கோல்கோ 13 என்ற மங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) இன்றும் வந்துகொண்டிருக்கிறது. கூலிக்குக் கொலை செய்யும் டியூக் டோகோவுக்கு உறுதியான முன்கதை கிடையாது, நண்பர் கிடையாது, மனமாற்றம் கிடையாது. அவருடைய பேச்சுக்குமிழிகளில் பெரும்பாலும் இருப்பது வெறும் புள்ளிகள். 2008–09இல் 50 பகுதிகளாக வந்த தொலைக்காட்சி அனிமேயும் அவரை இளக்க முயலவில்லை. கதை அவரை அமர்த்துகிறவரின் பக்கம் இருக்கும், அல்லது குறிவைக்கப்பட்டவரின் பக்கம். ஏன் இந்தக் கொலை தேவைப்படுகிறது, யார் யாரை ஏமாற்றினார்கள், எந்தத் தூரத்திலிருந்து எப்படி அந்தக் குண்டு போகும் என்பவைதான் கதை. டோகோ ஒரு புயல் போல வந்து போகிறார். புயலின் குழந்தைப்பருவம் நமக்கு எதற்கு?

இன்னொரு வழி ஓகாமி இட்டோவினுடையது. கஸுவோ கொய்கேவும் கோசெகி கோஜிமாவும் 1970 முதல் 1976 வரை படைத்த ‘லோன் வுல்ஃப் அண்ட் கப்’ என்ற அந்த மங்கா, வெளிவந்துகொண்டிருந்தபோதே, 1973இல் தொலைக்காட்சித் தொடரானது. யொரோசுயா கின்னொசுகே நடித்தார். ஷோகுனின் மரண தண்டனை நிறைவேற்றுநராக இருந்து, சதியால் மனைவியை இழந்து, கூலிக்கொலைகாரராக அலைகிறார் இட்டோ. தொடக்கத்தில், தவழும் மகனுக்கு முன்னால் ஒரு பந்தையும் ஒரு வாளையும் வைக்கிறார். பந்தைத் தொட்டால் அவனைத் தாயிடம் அனுப்பிவிடுவார், அதாவது கொன்றுவிடுவார். வாளைத் தொட்டால் தன்னோடு இந்தப் பாழும் வழியில் கூட்டிப்போவார். இதைச் செய்யும்போது அந்தத் தகப்பனின் முகத்தில் ஒரு தசை அசைவதில்லை. அதன்பின் அவர் என்ன செய்தாலும், எத்தனை பேரை வெட்டினாலும், நம் கண் அவர் மகனை வைத்துத் தள்ளிச் செல்லும் தள்ளுவண்டியின் மேல்தான் இருக்கிறது. குழந்தை தைகோரோவும் வாயாடி இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘சான்’ என்று அப்பாவைக் கூப்பிடுவதைத் தவிர அவன் அதிகம் பேசுவதே இல்லை. எதிரே இருப்பவர் பேச வேண்டும் என்ற விதியும் ஆக உடைகிறது. நாயகன் எதைத் தள்ளிக்கொண்டு போகிறான் என்பது தெரிந்தால் போதும்.

இரவுப்பணி எழுதியது:

முகமே இல்லாவிட்டால்? பிடித்த இடத்திலேயே தண்டனையும் வழங்கும் எதிர்காலக் காவல் நீதிபதி ஜட்ஜ் ட்ரெட், 1977இல் பிரிட்டனின் 2000 ஏடி வார இதழில் தொடங்கியது முதல் தலைக்கவசத்தைக் கழற்றி முழு முகத்தைக் காட்டியதில்லை. 1995 திரைப்படத்தில் ஸ்டாலோன் கழற்றினார், வாசகர்கள் அதை இன்னும் மன்னிக்கவில்லை. 2012இல் கார்ல் அர்பன் கடைசிவரை கழற்றவில்லை. ‘கடுத்தது காட்டும் முகம்’ என்ற குறளுக்கே அங்கு வேலையில்லை. நெஞ்சில் இருப்பதைக் காட்ட மோவாயும் உதட்டின் வளைவும் மட்டும்தான். கூட வரும் பயிற்சி நீதிபதி ஆண்டர்சனுக்கு மற்றவர் மனத்தைப் படிக்கும் ஆற்றல் இருப்பது, இந்தச் சிக்கலுக்காகவே காமிக்ஸில் காத்திருந்த வசதி. நடிகர்தான் எல்லாம் என்று முன்பு எழுதியதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். இது திரைப்படம்தான், இதையே பத்து மணி நேரத் தொடராக்கினால் அந்த மோவாய் தாங்குமா என்பது ஐயமே.

ஒற்றைவிளக்கு எழுதியது:

இவ்வளவு நேரமும் ‘எப்படிப் பிடிக்கச் செய்வது’ என்றே பேசுகிறீர்கள். பிடிக்கச் செய்யலாமா என்று யாரும் கேட்கவில்லை.

பனிஷரைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி கான்வே, காவல்துறையினரும் படைவீரர்களும் அந்த மண்டையோட்டுச் சின்னத்தை அணிந்துகொள்வது தமக்கு உறுத்தலாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னவர். சட்டம் தோற்ற இடத்தில் பிறந்த ஒருவனின் சின்னத்தைச் சட்டத்தின் கைகளே அணிவது எப்படிச் சரியாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். 2019இல் காமிக்ஸிலேயே ஃபிராங்க் ஒரு காவல் வாகனத்தில் ஒட்டியிருந்த மண்டையோட்டைக் கிழித்தெறிந்து, முன்மாதிரி வேண்டுமென்றால் கேப்டன் அமெரிக்காவைப் பாருங்கள் என்று காவலர்களிடம் சொல்லும்படி எழுதினார்கள். தொடரும் இந்த நிழலிலிருந்து தப்பவில்லை: 2017 அக்டோபர் முதல் நாள் லாஸ் வேகாஸில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, நியூயார்க் காமிக் கான் விழாவில் நடக்கவிருந்த அதன் நிகழ்ச்சியை விலக்கிக்கொண்டார்கள்.

காகிதத்தில் ஃபிராங்கின் மௌனம் நம்மை எட்டத்தில் நிறுத்தியது. இவன் நம்மில் ஒருவன் இல்லை என்று அந்த வெறித்த முகம் சொல்லிக்கொண்டே இருந்தது. சட்டகம் பாராட்டும் சமையலறையும், தாள்மணம் பாராட்டும் கதைப் புத்தகமும் அந்த எட்டத்தை அழித்துவிட்டன. கண்ணீரோடு ஒருவனை நேசித்த பிறகு, அடுத்த காட்சியில் அவன் நாற்பது பேரைச் சுடும்போது நாம் எண்ணிக்கையை மறந்துவிடுகிறோம்.

சட்டகம் எழுதியது:

ஒற்றைவிளக்கு, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை; பாதிப் பதில்தான் இருக்கிறது. அந்தத் தொடரே இந்தச் சந்தேகத்தைச் சில இடங்களில் எழுப்புகிறது. டேர்டெவில் இரண்டாம் பருவத்தின் 11ஆம் பகுதியில், சாலையோர உணவகத்தில் மேத்யூவின் தோழி கேரன் பேஜுடன் காபி குடித்துக்கொண்டு, நம்மை உண்மையில் காயப்படுத்தக்கூடியவர்கள் நெருக்கத்தில் இருப்பவர்கள்தான் என்று ஃபிராங்க் உருகிப் பேசுகிறார். நாமும் உருகிக்கொண்டிருக்கும்போதுதான் தெரிகிறது: கொலையாளிகளை வரவழைக்க அவர் கேரனைத் தூண்டிலாக வைத்திருக்கிறார். அந்தக் கனிவும் உண்மை, அந்தத் தூண்டிலும் உண்மை. இரண்டையும் ஒரே மேசையில் வைக்கும் காட்சிகளில் நீங்கள் சொல்லும் எட்டம் திரும்பி வருகிறது. அப்படிப்பட்ட காட்சிகள் தனித்தொடரில் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பாலைத்திணை எழுதியது:

வெளியிலிருந்து ஒரு குறுக்கீடு. பேசாதவரின் உள்ளத்தை எதிரே இருப்பவரைக் கொண்டு சொல்வது நமக்குப் புதிதில்லை. அகப்பாடல்களில் தலைவி வாய் திறக்க முடியாத இடங்களிலெல்லாம் தோழி கூற்று வருகிறது. தோழி நேராகச் சொல்ல முடியாதபோது நண்டும் நாரையும் கடற்கரைப் புன்னையும் உள்ளுறையாக, அதாவது மறைபொருளாக, சொல்கின்றன. லீபர்மனைத் தோழி என்றும், சம்மட்டியையும் பூனைப் பொம்மையையும் கருப்பொருள் என்றும் படித்தால், இந்த இழையில் பேசியவர்கள் சண்டையிட வேண்டிய தேவையே இல்லை.

மொட்டைமாடி எழுதியது:

கைகளில் இரத்தத்தோடு நிற்கும் முன்னாள் மரைன் படைவீரரைத் தலைவியாக்கிவிட்டீர்கள். கற்பனைக்குப் பாராட்டு. ஆனால் தோழிக்கு ஒரு நோக்கம் உண்டு: வரைவு கடாவுதல், அதாவது திருமணத்தை நோக்கித் தலைவனைத் தள்ளுவது. லீபர்மனுக்கும் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற சொந்தத் தேவை இருந்தது. அதனால்தான் அவர் வெறும் காதாக இல்லாமல் ஆளாக இருந்தார். அரோவில் பிற்பாடு வந்த கூட்டத்துக்கு ஆலிவரின் மனத்தைத் திறப்பதைத் தவிர வேறு தேவை இல்லாமல் போனதுதான் சிக்கல் என்று இப்போது தோன்றுகிறது. அந்த வகையில் உங்கள் குறுக்கீடு எனக்கு உதவியது.

தாள்மணம் எழுதியது:

ஒற்றைவிளக்கின் கேள்வி என்னை விடவில்லை; நேற்றிரவு இரண்டு பருவங்களின் கடைசிக் காட்சிகளையும் மறுபடி பார்த்தேன். பனிஷர் தனித்தொடரின் முதல் பருவத்தின் முடிவில் ஃபிராங்க், தன் நண்பர் கர்ட்டிஸ் நடத்தும் முன்னாள் படைவீரர்களின் கூட்டத்தில், வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறார். தான் போரிடப் போர் எதுவும் மிச்சமில்லை என்று தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டு, பயமாக இருக்கிறது என்கிறார். 13 பகுதிகளில் அவர் தன்னைப் பற்றிச் சொன்னவற்றில் மிகச் சிறியது அதுதான். எதிரே இருந்தவர்கள் யாரும் ஆறுதல் சொல்வதில்லை.

2019 ஜனவரியில் வந்த இரண்டாம் பருவத்தின் முடிவில், இரண்டு கும்பல்கள் கூடிய இடத்துக்குள் மண்டையோட்டுக் கவசத்தோடு நுழைந்து, இரண்டு கைகளிலும் துப்பாக்கி ஏந்திச் சுட்டுக்கொண்டே உறுமுகிறார். அடுத்த மாதமே தொடரை நிறுத்திவிட்டார்கள், ஆகவே ஆறு ஆண்டுகள் கழித்து 2025இல் பெர்ந்தால் டேர்டெவிலின் புதிய தொடரில் தலைகாட்டும்வரை நமக்கு மிஞ்சியிருந்தது அந்த உறுமல்தான். நான் அணைத்துவிட்டு, முதல் பருவத்தின் நாற்காலி வட்டத்தை இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன்.